நீளமான விடை

சுபஸ்ரீ ஒரு தடவை பூட்டிவிட்டால் வீடு பூட்டப்பட்டதாக ஆகாது. தெருமுனை வரை போவாள், நிற்பாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தியாகதுருகத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் இப்போதெல்லாம் இதற்கு யாரும் சிரிப்பதுகூட இல்லை. எதிர்வீட்டுத் தைலம்மாள் மட்டும் அரிசி புடைத்தபடியே, "பூட்டு எங்கயும் ஓடிப் பூடாது, நீ போம்மா. பஸ்ஸுதான் ஓடிப் பூடும்," என்பாள்.

"கேஸை மூடு. மூடினியான்னு பாரு. பாத்தியான்னு யோசிச்சிப் பாரு. அப்பால கதவைச் சாத்து." இது அவளுடைய தம்பி கலையரசன் அக்காவின் குரலில் பேசிக் காட்டுவது. அவன் அதைச் சொன்னால் அம்மாகூடச் சிரித்துவிடுவாள்.

அவர்களுடைய அப்பா மணலூர்பேட்டைப் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் ஈரக் கையோடு மோட்டார் பெட்டியைத் தொட்டவர். உயிர் தப்பியது. ஆனால் வலது கை விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. அந்தக் கையால் அவர் சோறு பிசைவதைப் பார்த்துத்தான் அக்காவும் தம்பியும் வளர்ந்தார்கள். அக்கா சுவிட்சைப் போடுவதற்குக்கூடக் கையைத் துடைத்துக்கொள்கிறவள் ஆனாள். தம்பி மின்கம்பி வேலைக்கே போய்ச் சேர்ந்தான். "ஒரே பானை சோறுதான் தின்னுதுங்க. ஒண்ணுக்குப் பயம் ஜாஸ்தி, ஒண்ணுக்குக் கம்மி. ஆளுக்குப் பாதியாப் பிரிச்சிக்கக் கூடாதா," என்று அவர்களுடைய அம்மா ராஜாம்பாள் கரும்பு வெட்டப் போகிற இடத்திலெல்லாம் சொல்வாள்.

கல்லூரி முடித்ததும் சுபஸ்ரீக்குக் கிடைத்த வேலை, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் சுற்றுவட்டார ஆசிரியர்கள் கையால் எழுதிய வினாத்தாள்களைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். அடித்து அடித்தே அவளுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. சரியான விடையைப் பலரும் மூன்றாவது இடத்தில் வைக்கிறார்கள். முதலில் வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும், கடைசியில் வைத்தால் பிள்ளைகள் தேடிப் போய் எடுத்துவிடுவார்கள் என்ற எண்ணம். 'மேற்கண்ட அனைத்தும்' என்று ஒரு விடை இருந்தால் பெரும்பாலும் அதுதான் சரி. 'எது இல்லை' என்று கேட்கும் கேள்வியில் பாடம் தெரிந்த பிள்ளைதான் முதலில் தடுமாறுகிறது. "சார், வரிசையா எல்லாம் 'இ' வருதுங்க, மாத்திடட்டுமா," என்று கேட்பாள். சிலர் மாற்றச் சொல்வார்கள். சிலர், "நீ அடிம்மா, மாத்தறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்," என்பார்கள்.

அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் நூர்ஜகான் அலுவலகம் வைத்திருந்தாள். குடும்பத்துக்குக் கடைவீதியில் ஜவுளிக் கடை. அவள் மட்டும் துணியை விட்டுவிட்டு, கைபேசியில் பார்த்துப் படிக்கிற பாடங்களைத் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தாள். மருந்து தெளிப்பவர்களுக்கு ஒன்று, கடையில் பில் போடுகிறவர்களுக்கு ஒன்று, தையல் பழகுகிறவர்களுக்கு ஒன்று. பாடம் எடுக்க ஆள் கிடைத்தார்கள். பாடம் முடிந்தபின் அது மண்டையில் ஏறியிருக்கிறதா என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒருநாள் மாடிப்படியில் நின்று, "மேல வந்துடு சுபா. கீழ அடுத்தவங்க கேள்விய அடிக்கிற. இங்க உன் கேள்விய அடி," என்றாள்.

சுபஸ்ரீ போனாள். தனக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டாள். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். 'மேற்கண்ட அனைத்தும்' கிடையாது. அ, ஆ, இ, ஈ நான்கு இடங்களுக்கும் சரியான விடைகளைச் சமமாகப் பங்கிட வேண்டும். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும், நாக்கு இடறும் இடத்தில் படிக்கிறவனும் இடறுவான். அவள் எழுதிய தேர்வில் இடத்தை வைத்து யாரும் விடையைக் கண்டுபிடிக்க முடியாது. அது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர் நூர்ஜகானிடம் வந்தார். புயலில் அறுந்த கம்பிகளை எடுத்துக் கட்டும் வேலையை எடுத்துச் செய்பவர். அவரிடம் வேலை செய்யும் ஆட்களுக்குப் பாதுகாப்புப் பாடம் ஒன்று வேண்டும், முடிவில் தேர்வு வேண்டும், தேறியவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் உள்ளவர்கள்தான் இனிமேல் கம்பத்தில் ஏறலாம் என்றார். கலையரசன் அவரிடம்தான் வேலை செய்தான். அதுவரை கீழே நின்று கயிறு இழுப்பது, சாமான் எடுத்துக் கொடுப்பது என்று இருந்தான். தேறினால் மேலே ஏறலாம்.

அந்தத் தேர்வைச் சுபஸ்ரீ வேறு எதையும் எழுதியதைப் போல எழுதவில்லை. பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கம்பத்தடியில் தம்பி நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு விடையையும் எழுதினாள். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பட்டது. எழுதி, அழித்து, சேர்த்து, மறுபடி சேர்த்தாள்.

ஐப்பசியில் புயல் வந்தது. கல்வராயன் மலையில் மரங்கள் சாய்ந்து மேலே பல ஊர்களுக்கு மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் காலை சுபஸ்ரீ அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் டீக்கடைச் சத்தம்.

"யக்கா, கச்சிராயபாளையத்துல கீறோம். மேல போய்க்கினே கீது வண்டி. இன்னிக்கு நான் ஏறப் போறேன். அம்மாகிட்ட சொல்லாத."

"பரிட்ச முடிச்சிட்டியா?"

"நேத்தே முடிச்சாச்சி. ஃபுல் மார்க்கு."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. "வீடியோல்லாம் பாத்தியாடா? அந்த ஜெனரேட்டர் பாடம், ரெண்டு தடவ பாக்கச் சொன்னேனே."

"அதெல்லாம் எங்க பாக்கறதுக்கா. உன் கேள்விதான, பாக்காமயே போட்டுட்டேன்."

"எப்பட்றா போட்ட?"

"நீதான் பேசிக் காட்டிக் குடுக்கறியே." அவன் அவளுடைய குரலுக்கு மாறினான். "'இதை எடுத்து, அதைப் பாத்து, உறுதி செய்து, அதன் பிறகு மட்டுமே.' அதுதான் சரி. மத்ததெல்லாம் உனுக்கு எழுதவே இஷ்டம் இல்ல, ஒரு வரில முடிச்சி வுட்டுட்ட. எது நீளமோ அத அமுக்குனு நம்ம கேங்குல அத்தினி பேருக்கும் சொல்லிட்டேன். எல்லாம் பாஸு. முனியண்ணன் எனக்கு பரோட்டா வாங்கிக் குடுத்திச்சி."

"கலை, நீ ஏறாதடா."

"மேல டவர் கெடைக்காது. சாயங்காலம் பேசறேன்."

அவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழைத்தபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

கணினியில் தேர்வைத் திறந்தாள். ஏழாவது கேள்வி, அவள் அதிகம் பாடுபட்டது.

அறுந்த கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறும் முன் என்ன செய்ய வேண்டும்?

அ. கம்பியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆ. லைன் கிளியர் அனுமதி வாங்கி, அக்கம்பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று விசாரித்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருவியால் உறுதி செய்து, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்டிய பிறகு மட்டுமே ஏற வேண்டும்.

இ. உடனே ஏற வேண்டும்.

ஈ. ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும்.

வேறு கேள்விகளையும் பார்த்தாள். எல்லாம் அப்படியே. இடம் மாறியிருந்தது, குரல் மாறவில்லை. தவறான விடைகள் எதையும் அவள் எந்தக் கம்பத்தடியிலும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தானாகக் கற்பனை செய்தவை. கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான். உண்மையில் ஆட்கள் எங்கே தவறு செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் பொம்மைத் தவறுகளை வைத்திருந்தாள். முடிவுகளைத் திறந்தாள். தேர்வு எழுதிய எல்லாருக்கும் முழு மதிப்பெண். கேள்வியைப் படிக்கும் நேரம்கூட ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடி தம்பியை அழைத்தாள். அதே பதில்தான்.

"இன்னா சுபா, மூஞ்சி வெளிறிப் போச்சி," என்றபடி நூர்ஜகான் வந்தாள். சுபஸ்ரீ சொல்லச் சொல்ல அவளும் குனிந்து திரையைப் பார்த்தாள். "யா அல்லா. நான் வேற ஒருத்தர்கூட ஃபெயில் இல்லன்னு கான்ட்ராக்டருக்கு வாழ்த்து அனுப்பிட்டேன்."

"சர்டிபிகேட்ட நிறுத்த முடியுமாக்கா?"

"அது போயி எல்லாரு கையிலயும் கீது. இரு, பயப்படாத. அவன் இந்த வேலையில புதுசா? ரெண்டு வருசமா லைன்லதான கீறான்?"

"கீழ இருந்தாங்க்கா. கயிறு இழுத்துக்கினு இருந்தான். இன்னிக்குத்தான் முதல்ல ஏறப் போறான். நாம குடுத்தத காட்டித்தான் ஏறறான்."

நூர்ஜகான் ஒப்பந்தக்காரரை அழைத்தாள். எடுக்கவில்லை. அவருடைய மேலாளர் எடுத்து, புயல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, எதுவாயிருந்தாலும் அடுத்த வாரம் பேசலாம் என்று வைத்துவிட்டார். நூர்ஜகான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "நீ மலைக்குப் போயிட்டு வா. நான் இவனுங்கள விடாம கூப்புட்டுக்கினே இருக்கேன்," என்றாள்.

வெள்ளிமலைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடிவாரம் வரை வழியெல்லாம் தண்ணீர் நின்ற வயல்கள். மலை ஏறத் தொடங்கியதும் சாலையில் இலையும் கிளையும் மண்ணும். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்து ஏற்றினார்.

"மேல எங்கம்மா?" என்று நடத்துநர் கேட்டார்.

"லைன் வேல நடக்கற எடத்துக்குங்க."

"அங்க உனுக்கு இன்னா வேல? கரண்டு வந்தா தன்னால தெரியும்." பின்னிருக்கையில் ஒருவர், "கரண்டே வராட்டியும் பில்லு வந்துடும்," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சுபஸ்ரீக்கு அது காதில் விழுந்தது, வேறெங்கோ நடப்பதைப் போல இருந்தது.

முதல் ஜெனரேட்டர் சத்தம் மலையேறி முடித்த பிறகு ஒரு பெட்டிக்கடையில் கேட்டது. கடைக்காரர் அதைக் கதவுக்கு வெளியே வைத்து, மழை படாமல் குடையைச் சாய்த்திருந்தார். அடுத்து ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்து ஒன்று. பேருந்து போகப் போக அவை கூடின. மின்சாரம் இல்லாத மலையில் தனித்தனியாக டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தன. மற்றவர்களுக்கு அது வெளிச்சம். பாடத்தில் வந்த படம்தான் அவள் கண்முன் நின்றது. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் ஜெனரேட்டரைப் போட்டால், வீட்டுக்கு வரும் கம்பி வழியாகவே மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் இருப்பவனுக்கு லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தலையைத் திருப்பி, அந்த வீட்டிலிருந்து கிளம்பும் கம்பி எந்தக் கம்பத்துக்குப் போகிறது என்று பார்த்தாள். பார்த்துத் தீரவில்லை. அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. அது ஒரு மோட்டார் பெட்டி. அவர் தரையில் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிமலையில் ஒரு கைபேசிக் கடை முன்னால் கூட்டம். ஒரே ஜெனரேட்டரில் ஊரே தன் கைபேசிகளைக் கொடுத்து மின்னேற்றிக்கொண்டிருந்தது. அங்கே கேட்டதில் லைன் ஆட்களின் ஜீப் நொச்சிமேட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். மரவள்ளி ஏற்றப் போகும் ஒரு சிறு லாரி அந்தப் பக்கம் போனது. ஓட்டுநர் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றியபடி இறங்கி வந்தது. சுபஸ்ரீ கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அதுல யாருன்னு கேளுங்க."

"போற வண்டிய நிறுத்தியா கேக்கறது? பிரசவமா இருக்கும்மா. மழை வந்தாத்தான் இதுங்களுக்கு வலி வரும்." அவளுடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தவர் அதன்பின் பேசவில்லை. வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

நொச்சிமேட்டின் தொடக்கத்தில் இறக்கிவிட்டார். ஜீப் நின்றது. அதற்கப்பால் சரிவில் ஒரு கம்பம், அதிலிருந்து கம்பி ஒன்று அறுந்து சோளக் கொல்லையில் கிடந்தது. கம்பத்தடியில் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். அவன் கால் தரையில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த கால். அவள் அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கலையரசன் ஓடி வந்தான். "யக்கா? அம்மாவுக்கு எதுனா ஆச்சா?"

"ஒண்ணும் இல்ல. நீ ஏறினியா?"

"இப்பத்தான் ஏறப் போறேன். இதுக்காவா வந்த?" அவன் வெட்கத்தோடு பின்னால் திரும்பிப் பார்த்தான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய முதியவர்தான் முனியன், கூட்டத்துக்குத் தலைவர். "இன்னாடா, மொத தடவ பள்ளிக்கூடம் வுட வந்துகீறாங்களா," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குச் சத்தம் கேட்டது. சரிவின் கீழே, மரங்களுக்கு அந்தப் பக்கம். டபடபடப.

"அது இன்னா சத்தம்?"

"மாவு மில்லு. நாளைக்கு இங்க கல்யாணம். மாவு அரைக்கறாங்க," என்றான் கலையரசன்.

"கரண்டு இல்லாம எப்பட்றா அரைப்பாங்க?"

அவன் வாயைத் திறந்தான். பதில் வரவில்லை. அவள் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். நான்கு விடைகளும் இல்லாதபோது அவனிடம் இருந்தது அவ்வளவுதான். அவளுக்கு அதுவரை இருந்த பயம் வேறு. இது வேறு.

முனியன் வந்தார். "ஏம்மா, லைன் கிளியர் வாங்கியாச்சி, ஆபீஸ்ல லைன நிறுத்திட்டாங்க. ராடு மாட்டியாச்சி பாரு." டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கம்பியில் நீளக் கோல் ஒன்று மாட்டப்பட்டு, அதிலிருந்து கம்பி மண்ணில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தால் அது மண்ணுக்குள் போய்விடும்.

"மில்லு பக்கத்துலங்க?"

"ராடு ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு இன்னொரு கேங்கோட போச்சி." கோபமில்லாமல்தான் சொன்னார். மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல. "எங்க கரண்டு வருதோ அந்தப் பக்கம் மாட்டுவோம். இது இன்னிக்கு நேத்தா, எப்பயும் அப்பிடித்தான்."

"இப்ப ரெண்டு பக்கமும் வரலாம் இல்லிங்களா?"

அவர் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "டேய், போயி மில்ல நிறுத்தச் சொல்லு."

கலையரசனே போனான். சுபஸ்ரீயும் பின்னால் போனாள். மில்லின் சொந்தக்காரி காசியம்மாள் முடியெல்லாம் மாவாக வெளியே வந்தாள். "பாதி கூடை உள்ள கீது. அரைச்சிட்டு நிறுத்தறேன்."

"இப்பவே நிறுத்துங்கம்மா."

"பொண்ணு வூட்டுக்காரங்க வந்து நிக்கறாங்க. நீ வந்து பதில் சொல்றியா? கரண்ட மட்டும் நாள்கணக்கா குடுக்காதீங்க. நாங்களா ஒண்ணு பண்ணிக்கினா நிறுத்துன்னு ஓடி வாங்க."

"உங்க மெயினு எறக்கி வச்சிட்டுத்தான் மிசின போட்டீங்களா?" என்று சுபஸ்ரீ கேட்டாள்.

"அதெல்லாம் எம்புள்ள பாப்பான். அவன் பந்தக்கால் நட போய்க்கீறான்." காசியம்மாள் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். அப்போது மலை அவ்வளவு அமைதியாக இருந்தது.

ஜெனரேட்டரிலிருந்து மில்லுக்குப் போகும் ஒயரைக் கலையரசன் பிடுங்கித் தூரப் போட்டான். முனியன் ஒருவரை மில் வாசலில் காவல் நிறுத்தினார். அதன் பிறகு கலையரசன் ஏறினான். அவன் மேலே இருந்த நேரமெல்லாம் சுபஸ்ரீ கம்பத்தைப் பார்க்கவில்லை. மில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, "என்னைய ஏன் மொறைக்கற? நான்தான் நிறுத்திட்டேனே," என்றாள். அவன் இறங்கி வந்து கையுறையைக் கழற்றியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பாத்தியா, ஒண்ணும் ஆவல," என்றான்.

உண்மைதான். ஆகவில்லை. அந்தக் கம்பியில் மின்சாரம் வந்திருக்குமா வந்திருக்காதா என்று யாரும் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. ஜீப்பில் மலையிறங்கும்போது தம்பி அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். பயம் அவளை விட்டுப் போகவில்லை. நடந்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். நடக்காததால் கூடவே வந்தது.

மறுநாள் அலுவலகம் வந்ததும் பழைய தேர்வை எடுத்துவிட்டாள். புதியதை எழுதுவதற்கு முன் கூட்டத்தில் வேலை செய்த ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினாள். எது சரி என்று கேட்கவில்லை. அவசரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர்கள் சொன்னவையெல்லாம் தவறான விடைகளுக்குப் போயின. இப்போது அவை நல்ல தவறுகளாக இருந்தன. வேலை தெரிந்தவர் வாயில் வருபவை, நியாயமாகத் தோன்றுபவை. அவற்றைத் தன் குரலிலேயே எழுதினாள். முதலில் பார்த்து, உறுதி செய்து, அதன் பிறகு. ஏழாவது கேள்விக்கு நொச்சிமேட்டைப் போலவே ஒரு படம் வரைந்து வாங்கினாள். சரிவில் கம்பம், கீழே மாவு மில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டத்திடம் ஒரே ஒரு எர்த் ராடு. இப்போது என்ன செய்ய வேண்டும்?

அ. லைன் கிளியர் வாங்கியதை உறுதி செய்து, டிரான்ஸ்பார்மர் பக்கம் ராடை மாட்டி, கையுறை அணிந்த பிறகு ஏறலாம்.

ஆ. மில்காரரிடம் மெயினை இறக்கியாயிற்றா என்று கேட்டு, அவர் ஆம் என்று சொன்ன பிறகு ஏறலாம்.

இ. ஏறக்கூடாது.

ஈ. ராடை மில் பக்கம் மாற்றி மாட்டி, மறுபக்கம் ஒருவரைக் காவல் நிறுத்திய பிறகு ஏறலாம்.

நூர்ஜகான் படித்தாள். "நான் 'ஈ' போட்டிருப்பேன்," என்றாள்.

"அன்னிக்கு அவங்க செஞ்சதுல பாதி அதான்க்கா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

புதிய தேர்வு ஆட்களுக்குப் போனது. முதல் நாளே ஏழாவது கேள்வியில் எல்லாரும் விழுந்தார்கள். அந்தக் கேள்வியில் தவறினால் தேற முடியாது என்று அவள் அமைத்திருந்தாள். மாலை தம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றான்.

"என்னையே கவுத்துட்டியேக்கா."

"எது போட்ட?"

"'அ'. நீ எழுதினாப்பலதான் இருந்திச்சி. நாங்க செய்யறதும் அதான்." செருப்பை உதறினான். "ஏறக் கூடாதுன்னா வேலைய யாரு செய்யறது? ராடு ஒண்ணுதான குடுக்கறாங்க. அது நானா வாங்கற சாமானா? உன் கேள்வியில கம்பெனிக்காரன் எங்க வரான்?"

அப்பா உள்ளேயிருந்து மடங்கிய விரல்களால் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒப்பந்தக்காரரும் அழைத்தார். ஏழாவது கேள்வியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். "நீ இன்னா சொல்ற?" என்று நூர்ஜகான் கேட்டாள். சுபஸ்ரீ, "நீங்க வேணா எடுத்துடுங்கக்கா. என் கையால எடுக்க மாட்டேன்," என்றாள். நூர்ஜகான் கைபேசியை எடுத்தாள். அவருக்கே திருப்பி அழைத்து, "கேள்வி இருக்கட்டுங்க. அதுக்கு பதிலா ஒரு ராடு வாங்கிப் போட்டுடுங்க, எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க," என்றாள். அவர் வைத்துவிட்டார். ஆனால் பாடத்தை நிறுத்தச் சொல்லி எதுவும் வரவில்லை. ராடும் வரவில்லை. கலையரசன் அடுத்த முறை தேர்வு எழுதித் தேறினான்.

கார்த்திகையில் மறுபடி காற்றும் மழையும். இந்த முறை வேலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தைத் தாண்டி. அங்கே டவர் கிடைக்கும். உச்சிப்பொழுதில் கலையரசன் அழைத்தான். மழைச் சத்தமும் ஆட்கள் கத்தும் சத்தமும் சேர்ந்து கேட்டன. அவற்றுக்கு அடியில், தூரத்தில், டபடபடப.

"யக்கா."

"சொல்றா."

"பக்கத்துல செங்கச் சூளையில ஓடிக்கினு கீது. ஓனரு ஊர்ல இல்ல, கேட்டு பூட்டிக் கெடக்கு. ராடு ஒண்ணுதான். நான் ஏற மாட்டேன்னு உக்காந்துட்டேன். முனியண்ணன் திட்டிக்கினே கீது. மேனேஜர் போன் போட்டு, ஏறாதவன்லாம் நாளைலேர்ந்து வர வேணாங்கறான்." அவளுக்கு அவன் மூச்சுவிடுவது கேட்டது. சிறுவயதில்கூட அவன் அப்படி மூச்சுவிட்டு அவள் கேட்டதில்லை. "பயமா கீதுக்கா. வேல பூடும்போல. இப்ப நான் இன்னா பண்றது?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. சூளைக் காவலாளியைத் தேடு, பிறகு மேலாளரிடம் சொல், சொன்னதை முனியன் கேட்டாரா என்று பார், நூர்ஜகான் பேசுவாள், அம்மாவிடம் நான் பேசுகிறேன், அதன் பிறகு. எல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றன.

"ஏறாத," என்றாள்.

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. "சரி," என்றான் தம்பி. இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.